உன் கிட்டாரைத் திறந்தது நான்தான்

டேய் அருண், இதை ஆபீஸில் நின்றுகொண்டு படிக்காதே. ரூமுக்குப் போய், முகம் கழுவி, எதையாவது சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி. நான் தினமும் அனுப்பும் குட் மார்னிங் படத்தைப் பார்க்காமலே தள்ளிவிடுகிற மாதிரி இதைத் தள்ளிவிடாதே. போனிலேயே சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை கூப்பிட்டேன். மூன்று தடவையும் "சாப்பிட்டியா, புனேல மழையா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். யாராவது எதிரில் பேசிக்கொண்டிருந்தால் எனக்குப் பொய் சுலபமாக வருகிறது என்பதை இந்த வாரம்தான் கண்டுபிடித்தேன். அதனால் எழுதுகிறேன். உன் அப்பா காலை நடைக்கு ஏரிப் பக்கம் போயிருக்கிறார், திரும்பி வரும்போது மீன்காரியிடம் வெறுமனே விலை கேட்டுவிட்டு வர இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். அதற்குள் எழுதி முடித்து, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பிவிட வேண்டும்.

விஷயம் இதுதான். வங்காளி முறை நிச்சயதார்த்தமான ஆஷீர்பாத் அன்று ரிமியின் வீட்டு ஹாலில், அவள் மாமன் சித்தப்பன் எல்லோர் முன்னாலும் உன் கிட்டார் உன் மானத்தை வாங்கியதே, அதற்குக் காரணம் நீ சித்தப்பா மாதிரி காகு என்று கூப்பிடும் அவள் அப்பா பிமல் இல்லை. உன்னைப் பெற்றவள்தான். தெரியாமல் நடந்ததில்லை, வேண்டுமென்றே செய்தேன். கல்யாணத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. நீ உன் வருங்கால மாமனாரோடு பேசுவதில்லை. ரிமி உன்னோடு அளந்து பேசுகிறாள். இது இப்படியே போய் மணவறையில் மூன்று பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், அந்த போட்டோவில் நான் மட்டும் பட்டுப் புடவையில் சிரித்துக்கொண்டிருப்பேன். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

இதை நீ ரிமிக்கும் படித்துக் காட்டத்தான் போகிறாய். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். திருச்சியில் டிப்ளமோ முடித்துவிட்டு, உன் அப்பாவின் கஸ்டம்ஸ் வேலைக்காக இந்த ஊருக்கு வந்து, கிடர்பூர் துறைமுக டாக்கில் கருவிகள் ரிப்பேர் செய்யும் பிரிவில் நான் சேர்ந்தபோது அங்கே பெண் என்று நான் ஒருத்திதான். கிரேன் கேபினில் இருக்கும் மீட்டர்கள், எடை காட்டும் கருவிகள், கன்ட்ரோல் பெட்டிகள், எல்லாம் என் மேஜைக்கு வந்துதான் திரும்பிப் போகும். "மேடம் கை வைத்தால் மறுபடி வராது" என்று ஃபோர்மேன் சொல்வார். முப்பது வருஷம் அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டே வாழ்ந்தேன். வீட்டிலும் மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், உன் ரிமோட் கார் எல்லாம் என் சால்டரிங் அயர்னுக்குக் கீழேதான் பிழைத்தன. பன்னிரண்டு வயதில் உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஈயம் உருக்கி சால்டர் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தேன். "நாத்தம் அடிக்குதும்மா" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டாய். அன்றைக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பின்னால் தோன்றியது, அதற்குத்தான் வருகிறேன்.

காலேஜ் இரண்டாம் வருஷம் யாரிடமோ பழைய எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றை வாங்கி வந்தாய். வால்யூம் திருகைத் தொட்டால் கரகரவென்று சத்தம். "அம்மா, திருகுக்கு உள்ள இருக்கிற பாட் போயிடுச்சாம், பாக்கிறியா?" என்று நீயாகக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாய். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பாட் என்றால் எனக்குத் தெரியாதா? எத்தனை கிரேனுக்கு மாற்றியிருக்கிறேன்! என் பெட்டியிலிருந்து உலோகக் கூடு போட்ட, கல்லு மாதிரி உறுதியான ஒன்றை எடுத்து, பளபளவென்று துடைத்து, வைத்துப் பூட்டிக் கொடுத்தேன். கரகரப்பு நின்றது. நீ வாசித்துப் பார்த்தாய். ஒரு நொடி உன் முகம் ஏதோ சொல்ல வந்தது. அப்புறம் "சூப்பரா இருக்கும்மா" என்றாய்.

அது சூப்பராக இல்லை. நான் போட்டது நூறு கிலோ ஓம் பாட். உன் கிட்டாரில் இருப்பதோ இரட்டைச் சுருள் பிக்கப். கம்பி அதிர்வதைப் பிடித்து அது தரும் மின்சாரம் கையளவு கூட இல்லை. அதற்குக் குறுக்கே சின்ன மதிப்புள்ள பாட்டைப் போட்டால் கீச்சென்ற மேல் சுரமெல்லாம் தரைக்கு இறங்கிவிடும், மிச்சம் வருவது மூக்கடைத்தவன் பாடுவது போல இருக்கும். அந்த வகைப் பிக்கப்புக்கு ஐந்நூறு வேண்டும், ஒற்றைச் சுருள் என்றால் இருநூற்றைம்பது போதும். அது மட்டுமா, நான் போட்டது சீராக ஏறி இறங்குகிற பாட். மீட்டர் முள்ளுக்கு அது சரி. காதுக்குச் சரிப்படாது. காது சத்தத்தை வேறு கணக்கில் கேட்கிறது. அதனால் திருகை முக்கால்வாசி இறக்கினாலும் சத்தம் அசையாது, கடைசியில் தொபுக்கென்று விழும். இதெல்லாம் எனக்கு அன்று தெரியாது. பாட் என்றால் பாட் என்று நினைத்தேன். யாரையாவது கேட்டிருக்கலாம். முப்பது வருஷம் மற்றவர்கள் என்னைக் கேட்டுப் பழகிவிட்டதால் கேட்க வாய் வரவில்லை. நீயும் மூன்று வருஷம் அந்த மூக்கடைத்த கிட்டாரையே வாசித்தாய், என் மனசு நோகக் கூடாதென்று. இந்த இடத்தில் ஒரு அறிவுரை சொல்லிவிடுகிறேன்: ரிமியிடம் இந்த வேலை வைத்துக்கொள்ளாதே. சாம்பாரில் உப்பு அதிகம் என்றால் அதிகம் என்று சொல். மூன்று வருஷம் கழித்து அடுத்த வீட்டுச் சாம்பாரை அவள் எதிரில் சப்புக்கொட்டிச் சாப்பிடாதே.

அதைத்தான் நீ எனக்குச் செய்தாய். உன் பேண்டு நண்பர்கள் கரியாஹாட்டில் புடவைக் கடைகளுக்குப் பின்னால் இருக்கிற பிமல் காகுவின் ரிப்பேர் கடைக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனார்கள். சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே உன் முகத்தில் ஆயிரம் விளக்கு. "அம்மா கேளு, கேளேன்" என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசித்தாய். கண்ணாடியைத் துடைத்து வைத்தது போல ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்டது. வால்யூமைப் பாதிக்குக் குறைத்தாய், அப்போதும் அந்தத் துல்லியம் போகவில்லை. "காகு பாட்டை மாத்திட்டு, டோன் ஒயரைப் பிடுங்கி வால்யூம் பாட்டோட நடுக்கால்ல போட்டுட்டார்மா. பழைய காலத்து ஒயரிங்காம். சத்தத்தைக் கொறைச்சாலும் மேல் சுரம் போகாதாம்" என்றாய். நான் கிட்டாரைக் கையில் வாங்கிப் பார்த்து, "ம், பரவாயில்ல. சால்டர் கொஞ்சம் ஜாஸ்தி" என்றேன். பின்மூடியைத் திறக்கவே இல்லை. மூடியிருந்த பெட்டியைப் பார்த்து உள்ளே இருக்கிற சால்டருக்குக் குற்றம் சொன்ன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அன்றைக்கு ஆரம்பித்தது பொறாமை. வேறு பேர் வைத்து அழகுபடுத்த விரும்பவில்லை. அதற்கப்புறம் நம் வீட்டில் எதற்கெடுத்தாலும் "காகு சொன்னார்". காகு சொன்னார், டீயில் எலுமிச்சை பிழியணுமாம். காகு சொன்னார், துணியைத் திருப்பிப்போட்டு உலர்த்தணுமாம். நான் இருபது வருஷமாக அதைத்தானேடா சொல்கிறேன்! சனிக்கிழமை மத்தியானம் நான் வத்தக்குழம்பு வைத்துக் காத்திருந்தால், நீ அங்கே மட்டன் சாப்பிட்டுவிட்டு ஏப்பத்தோடு வருவாய். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு நாள் உன் விரல் நுனியில் கொப்புளத்தைப் பார்த்தேன். "சால்டர் கத்துக்கிறேம்மா, காகு சொல்லித் தர்றார்" என்றாய். அங்கே நாற்றம் வரவில்லையா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. மருந்து தடவிவிட்டு அடுப்படிக்குப் போனேன். அங்கே போய் அழுதேன். இதுவரைக்கும் யாருக்கும் தெரியாது.

அப்புறம் கடைக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுவரும் அவர் பெண்ணை உனக்குப் பிடித்துப்போய், எங்களிடம் வந்து நின்றாய். உன் அப்பா மீன், மொழி, சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று ஒரு பட்டியலே வாசித்தார். நான் ஒன்றும் சொல்லாமல் இருந்ததைப் பார்த்து, அம்மா எவ்வளவு முற்போக்கு என்று நீ ரிமியிடம் பெருமையடித்தாயாம். ஒரு முற்போக்கும் இல்லை. ரிமியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது, தங்கமான பெண். என் மனதில் ஓடியதெல்லாம், இந்த ஆள் இனிமேல் இவனை மொத்தமாக எடுத்துக்கொள்வான் என்பதுதான். மருமகள் வந்து மகனைப் பறிப்பாள் என்று பயப்படுகிற அம்மாக்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். நான் பயந்தது சம்பந்தியைப் பார்த்து.

ஆஷீர்பாத்துக்கு முதல் நாள் மத்தியானம் நீ ஆபீஸில் இருந்தாய். கட்டில் மேல் கிட்டார் கிடந்தது. அந்த வாரம்தான் காகு கம்பி மாற்றி, உள்ளே தூசி தட்டிக் கொடுத்திருந்தார். சும்மா பார்க்கத்தான் பின்மூடியைக் கழற்றினேன், இது சத்தியம். ஏதாவது தப்பு கண்ணில் படாதா என்று தேடினேன். ஒன்றும் இல்லை. ஒயர்கள் ஒரே நீளம், ஒரே வளைவு. சால்டர் புள்ளிகள் மிளகு மிளகாக மின்னின. ஜாஸ்தியே இல்லை. தப்பு இருந்திருந்தால் மூடிவைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். இல்லாததுதான் என்னைக் கிளப்பிவிட்டது. டோன் பாட்டில், திருகை மூடும்போது மேல் சுரத்தை வடித்துவிடுகிற கெப்பாசிட்டரில் 223 என்று எழுதியிருந்தது. அதை எடுத்துவிட்டு என் பெட்டியிலிருந்து 104-ஐப் போட்டேன். கிட்டத்தட்ட ஐந்து மடங்கு பெரிசு. டோன் திறந்திருக்கும் வரை வித்தியாசமே தெரியாது, நீ காலையில் வாசித்துப் பார்த்தாலும் கண்டுபிடிக்க மாட்டாய். ரிமிக்காக நீ எழுதிய அந்த மெதுவான மெட்டில் டோனை முழுக்க மூடுவாய் என்று எனக்குத் தெரியும். வாரக்கணக்காகப் பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டுதானே இருந்தேன்.

நடந்தது உனக்குத் தெரியும். டோனை மூடினாய், சத்தம் கம்பளிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. ரிமியின் மாமா, "என்ன மாப்பிள்ளை, கிட்டாருக்கும் சளியா?" என்றார், எல்லோரும் சிரித்தார்கள். உன் காது சிவந்தது. நீ நிமிர்ந்து, "காகு, நீங்க தொட்டதுக்கு அப்புறம்தான் இப்படி ஆயிருக்கு. இன்னிக்காவது ஒழுங்கா செஞ்சிருக்கக் கூடாதா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாய். அவர் கிட்டாரை உள் அறைக்கு எடுத்துக்கொண்டு போனார். ஐந்து நிமிஷம் கழித்து வந்து, "என் தப்புதாம்பா. கெப்பாசிட்டர் சரியில்ல, பாக்காம விட்டுட்டேன்" என்றார். ரிமி தட்டோடு அப்படியே நின்றாள். நான் அவர்கள் வைத்த சந்தேஷ் இனிப்பைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இன்னொரு சந்தேஷ் எடுத்துக்கொண்டேன்.

ஆபீஸ் வேலையாகப் புனே கிளம்பும் அன்று நீ கிட்டாரை என் மேஜையில் வைத்து, "நீயே சரி பண்ணிக் குடும்மா. இனிமே அங்க போகல" என்றாய். எத்தனை வருஷமாக இந்த வார்த்தைக்குக் காத்திருந்தேன் தெரியுமா? 223 என் பெட்டியிலேயே பத்திரமாக இருந்தது. எடுத்து மாற்றப் பத்து நிமிஷம். மூடியைக் கழற்றுவேன், மறுபடி மாட்டுவேன். மாற்றிக் கொடுத்தால் நீ மறுபடியும் "சூப்பரா இருக்கும்மா" என்பாய், இந்தத் தடவை அது நிஜமாகவும் இருக்கும், அவர் மேல் விழுந்த பழி அப்படியே நின்றுவிடும். போன செவ்வாய்க்கிழமை கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். பாலிகஞ்சிலிருந்து கரியாஹாட் வரை எல்லோரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள், நரைத்த தலையும் கிட்டாருமாக.

கடை என்று நீ சொன்னாய், அது ஒரு அலமாரி அகலம்தான் இருக்கிறது. நான்கைந்து டீ கப் ஆணியில் தொங்கின, ஒன்றில் உன் பெயரை வங்காள எழுத்தில் எழுதியிருந்தார்கள். அந்த நேரத்திலும் அதைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, "வாங்க தீதி, உக்காருங்க" என்று அக்கா முறை வைத்துக் கூப்பிட்டார். நான் வாயைத் திறக்கும் முன்னாலேயே, "நீங்கதான்னு அன்னிக்கே தெரியும்" என்றார். எப்படி என்று கேட்டேன். மூடியைத் திறந்து காட்டினார். நான் கெப்பாசிட்டரின் காலைப் பாட்டின் துளையில் நுழைத்து, கொக்கியாக வளைத்து, இறுக்கிவிட்டு அப்புறம் சால்டர் வைத்திருக்கிறேன். டாக்கில் அப்படித்தான் பழக்கம். கிரேன் அதிரும், சால்டரை மட்டும் நம்பினால் விட்டுப்போகும், மேலே ஏறியிருப்பவன் உயிர் அதில் இருக்கிறது. திருட்டு வேலை செய்யும்போதுகூட என் கை அதை மறக்கவில்லை. "கிட்டாருக்கு யாரு தீதி இவ்வளவு கட்டுவாங்க? இதைக் கழட்டணும்னா காலை வெட்டணும். உங்க பையன் உங்க வேலையைப் பத்தி அவ்வளவு சொல்லியிருக்கான்" என்றார். நீ என்னைப் பற்றி அங்கே பேசுவாய் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"ஏன் தீதி?" என்று கேட்டார். கோபமில்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சொல்லத்தான் போனேன். என் வாயிலிருந்து வந்தது வேறு. "கண்ணு சரியா தெரியல. இன்னும் நல்லதா ஒண்ணு போடலாம்னு நெனச்சேன், நம்பரை மாத்திப் படிச்சுட்டேன்" என்றேன். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அட, இவ்வளவுதானா! நான் என்னென்னவோ நெனச்சு பயந்துட்டேன். என் வீட்டுச் சம்பந்தம் உங்களுக்குப் பிடிக்கலையோன்னு. பொண்ணைக் குடுக்கறவன் இல்லையா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த மனுஷன் மூன்று வாரமாக இதை நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறார், டா. உடனே தன் மேஜையில் இருந்த பூதக்கண்ணாடி விளக்கைக் கழற்றி என் பையில் வைத்தார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. தனக்குத் தெரிந்த கண் டாக்டரிடம் வருகிற வெள்ளிக்கிழமை எனக்கு நேரம் வாங்கிவிட்டார், கல்யாணத்துக்கு முன்னால் புரை இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டுமாம். உன்னிடம் இதைச் சொல்ல வேண்டாமாம், அம்மாவுக்குக் கண் போய்விட்டது என்று பிள்ளை பயப்படுவானாம். பழி தன்மேலேயே இருக்கட்டும், கல்யாணம் முடிந்ததும் சரியாகிவிடும் என்றார்.

என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. அந்த 104-ஐ ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டுத்தான் போட்டேன். இப்போது நான் ஒருத்தர் மேல் பழி போட்டது போதாதென்று, அவர் கருணையையும் வாங்கி வைத்திருக்கிறேன். விளக்கு என் மேஜையில் இருக்கிறது, சுவிட்சைப் போடவே இல்லை. உன் அப்பா அதைப் பார்த்துவிட்டு, "நல்ல மனுஷன்" என்று நாலு தடவை சொல்லிவிட்டார். ஒவ்வொரு தடவையும் எனக்கு எரிந்தது. ஆமாம், இன்னும்தான் எரிகிறது. அவர் நல்லவராக இருப்பதும் சேர்ந்துதான் எரிகிறது. இந்தக் கடிதத்தை எழுதியதும் எனக்குப் பொறாமை போய்விடும் என்று எதிர்பார்க்காதே. நீ அவரை அப்பா ஸ்தானத்தில் வைத்து பாபா என்று முதல் தடவை கூப்பிடும்போது நான் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள். அவ்வளவுதான் என்னால் கேட்க முடியும்.

நீ புதன்கிழமை வருகிறாய். வியாழக்கிழமை காலையில் அவர் கடை திறக்கும்போது நான் அங்கே நிற்பேன், விளக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உண்மையைச் சொல்வேன். டாக்டர் நேரத்தையும் ரத்து செய்யச் சொல்வேன். ரிமியும் அங்கே இருக்கட்டும், அவள் அப்பா தலைகுனிந்ததைப் பார்த்தவள், நிமிர்வதையும் பார்க்கட்டும். நீயும் வா. அன்று சபையில் நீ சொன்ன வார்த்தை உன் வார்த்தை, அதற்கு நீ மன்னிப்புக் கேள், என்னைக் காரணம் காட்டாதே. நான் என் பங்கைச் சொல்லும்போது நீ குறுக்கே வரக் கூடாது. "அம்மாவுக்கு வயசாயிடுச்சு காகு, பெரிசா எடுத்துக்காதீங்க" என்று நீ மட்டும் ஆரம்பித்துப் பார், அவர் கடையிலேயே, உன் மாமனார், வரப்போகிற பொண்டாட்டி எல்லோர் முன்னாலும் உன் காலை ஓங்கி மிதிப்பேன்.

அம்மா